தொழுவத்தில் மூக்கு எரிகிறதா? தழைச்சத்து போய்க்கொண்டிருக்கிறது

விடியற்காலையில் தொழுவத்துக்குள் நுழைந்ததும் கண் கரித்து மூக்கு எரிந்தால், அதை வெறும் நாற்றம் என்று விட்டுவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிப் போட்ட புண்ணாக்கில் இருந்த தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அம்மோனியாவாகிக் காற்றில் போகிறது. கறவை மாடு தின்னும் தழைச்சத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் பாலுக்குப் போகும். மிச்சமெல்லாம் சாணியிலும் மூத்திரத்திலும்தான் வருகிறது. நெதர்லாந்தில் இதுவே நாட்டுப் பிரச்சினையாகி, 2019 மே மாதம் அரசின் நைட்ரஜன் திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்து, அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்து போராடினார்கள். அம்மோனியா போகாமல் தடுக்க அங்கே பெரிய பெரிய எந்திரங்கள் வைத்துச் செய்வதை, ஐந்து மாடு வைத்திருக்கும் நம்மூர்க்காரர் எப்படிச் செய்யலாம் என்று மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் படி: மூத்திரத்தையும் சாணியையும் சேரவிடாதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மூத்திரத்தில் தழைச்சத்து யூரியாவாக இருக்கிறது, தனியாக இருக்கும்வரை அது அவ்வளவாக ஆவியாகாது. சாணியில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன, அந்த நொதி பட்டதும் சில மணி நேரத்திலேயே யூரியா உடைந்து அம்மோனியா கிளம்பிவிடும்.

தரையைப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவாகப் பூசி, மாட்டின் பின்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் விட்டு, மூத்திரம் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்குப் போகும்படி செய்யுங்கள். சாணியை நாளைக்கு ஒருமுறை என்றில்லாமல் பார்க்கும்போதெல்லாம் அள்ளுங்கள், அப்புறம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் டிரம் ஒரே நாளில் நிரம்பிவிடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து மாட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர் மூத்திரம், அதில் தழைச்சத்து 1 சதவீதம் என்று வைத்தால் 400 கிராம். அது கிட்டத்தட்ட 870 கிராம் யூரியாவுக்குச் சமம். ஏழு, எட்டு வாரத்தில் 45 கிலோ மூட்டை ஒன்று! டிரம்மில் சேர்ந்த மூத்திரத்தைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து தீவனப்புல்லுக்கு வேரோரமாக விடுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

இரண்டாம் படி: சாண எரிவாயுக் கலன் இருந்தால்

சாணியும் தண்ணீரும் சரிபாதி கலந்து விடுவது எல்லாருக்கும் தெரியும், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோபர் கேஸ் போட்டுவிட்டால் தழைச்சத்து தானாகக் காப்பாற்றப்படும் என்று நினைப்பது தவறு. கலனுக்குள் தழைச்சத்து குறைவதில்லை, இன்னும் எளிதாக ஆவியாகும் வடிவத்துக்கு மாறுகிறது. எங்கள் கலனிலிருந்து வந்த கரைசலை ஒரு கோடை முழுக்கத் திறந்த குழியில் விட்டு வைத்திருந்தோம், கடைசியில் வயலுக்குப் போனது பெரும்பாலும் சக்கைதான். வெளியே வரும் கரைசலை அன்றன்றே காய்ந்த இலைதழை, சோளத்தட்டு, கரும்புச் சோகை என்று எதிலாவது ஊறவிட்டு மக்க வையுங்கள், இல்லையென்றால் குழியை மூடிவிடுங்கள்.

மூன்றாம் படி: மக்க வைப்பது

சாணியை மட்டும் மலைபோல் குவித்தால் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே போதிய கரிச்சத்து, அதாவது கார்பன், இருக்காது. கரிச்சத்தும் தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்கள் உடம்பிலேயே கட்டி வைத்துக்கொள்ளும். மூன்று கூடை சாணிக்கு ஒரு கூடை நறுக்கிய வைக்கோல் என்று ஆரம்பியுங்கள், அம்மோனியா வாசம் அடித்தால் வைக்கோலைக் கூட்டுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டாமல் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். சொதசொதவென்று இருந்தால் காற்றுப் புகாமல் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கிளம்ப வழியுண்டு, அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

எருக்குழியில் அடுப்புச் சாம்பல் கொட்டும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. சுண்ணாம்பும் போடுவார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம், காரத்தன்மை ஏறினால் அம்மோனியா ஓடிவிடும். அதற்குப் பதில் அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் தூவுங்கள். அது அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும், எருவில் மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும், ஏறும். மேலே நாலு விரல் மண்ணோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் சீக்கிரம் மக்கும்தான், ஆனால் ஒவ்வொரு கிளறலுக்கும் கொஞ்சம் தழைச்சத்து போகும், அதனால் மொத்தம் இரண்டு தடவை கிளறினால் போதும் என்பது என் கருத்து.

நான்காம் படி: வயலில்

இத்தனையும் செய்துவிட்டு, வண்டியில் கொண்டுபோய் வயலெங்கும் சிறு சிறு குவியலாகக் கொட்டி, மழை வரட்டும் என்று மூன்று வாரம் வெயிலில் விட்டால் எல்லாம் வீண். உழவு ஓட்டும் நாளில் மட்டும் எருவை எடுத்துப் போங்கள். மாலையில் இறைத்து, அன்றைக்கே உழுது மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள்.

அப்புறம், மேலுரமாகப் போடும் யூரியாவைப் பழைய அளவிலேயே போடாதீர்கள். காப்பாற்றிய தழைச்சத்து மண்ணில் இருக்கிறது. அதற்கு மேல் போடுவது நைட்ரேட்டாகி உங்கள் கிணற்றில்தான் இறங்கும். மண் பரிசோதனை செய்து பார்த்து, அடுத்த போகத்தில் எத்தனை கிலோ குறைக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.