பிரிண்டர் எடுக்கவில்லையா? டிரைவரில் கை வைக்க முதல்

கல்லடியில் டியூசன் எடுக்கிற சேர் ஒருவர் போன கிழமை லப்டொப்போடு வந்து நின்றார். “லினக்ஸ் சரிவராது மனே, வின்டோசைப் போட்டுத் தா. விடிஞ்சா பிள்ளையளுக்கு டியூட் குடுக்கணும்.” பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நாலு தரம் அழித்து நாலு தரம் போட்டிருக்கிறார். டிரைவரில் ஒரு பிழையும் இல்லை.

பழைய பிரிண்டர் பழுதாக, அதே மொடலில் பாவித்த ஒன்றை வாங்கி அதே வயரில் கொழுவியிருக்கிறார். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ், யூஎஸ்பி பிரிண்டரைப் பெரும்பாலும் தொடர் இலக்கத்தோடு சேர்த்தே குறித்து வைத்திருக்கும். ஆள் மாறியது அதற்குத் தெரிந்துவிட்டது. பழையவர் வரட்டும் என்று வேலைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தது. பிரவுசரில் localhost:631 என்று அடித்து, கப்ஸின் பக்கத்தைத் திறந்து, பழைய பிரிண்டரை நீக்கிப் புதிதாகச் சேர்த்தோம். ஐந்து நிமிட வேலை.

டிரைவரைத் தேடி ஓட முதல் டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) கட்டளையை அடித்துப் பாருங்கள். யூஎஸ்பியில் கொழுவியிருப்பவற்றின் பட்டியல் வரும். அதில் பிரிண்டரே தெரியாவிட்டால் எந்த டிரைவரும் உதவாது. வயரையும் ஹப்பையும் பாருங்கள். யூஎஸ்பி 2.0 வயர் 5 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. அறையில் லப்டொப், விறாந்தையில் பிரிண்டர் என்று இரண்டு வயரை முடிந்து இழுத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

அச்சிடும் நடுவில் கரண்ட் போனால் கப்ஸ் சிலவேளை அந்தப் பிரிண்டரையே நிறுத்தி வைத்துவிடும். அதே 631 பக்கத்தில் ‘ரிசியூம்’ கொடுத்தால் எழும்பும்.

புதிய பிரிண்டர்களில் கூத்து வேறு. பலதுக்கு இப்போது டிரைவரே தேவையில்லை. ஐபிபி-யூஎஸ்பி (ipp-usb) என்ற சேவை பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் இல்லாமலே கப்ஸ் அச்சிட வழிவிடும். அது தெரியாமல் கம்பனி டிரைவரையும் போட்டால், ஒரே யூஎஸ்பிக்கு இரண்டு பேர் இழுபறிப்படுவார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பழசுகள் நேர்மாறு. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு தரமும் கணினிதான் அவற்றுக்கு ஃபர்ம்வெயரை, அதாவது பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருளை, ஊட்ட வேண்டும். லினக்ஸுக்கான எச்பியின் பிரிண்டர் மென்பொருளான எச்பிலிப்பை (HPLIP) பாவிப்பவர்களுக்கு இதற்கென்று பிளகின் என்ற தனித் துணைக்கோப்பு வேண்டும். எச்பிலிப்பின் பதிப்பும் பிளகினின் பதிப்பும் ஒன்றாக இருக்கவும் வேண்டும். சிஸ்டத்தை அப்டேட் செய்த மறுநாள் பிரிண்டர் பட்டியலில் தெரிந்தும் தாள் வராவிட்டால், முதல் சந்தேகம் இதில்தான். பிளகின் இணையத்திலிருந்து இறங்குவது. படுவான்கரைப் பக்கம் சிக்னல் குறைந்த ஊருக்கு லப்டொப்பைக் கொண்டுபோகிறவர்கள், அதை வீட்டிலேயே இறக்கி, ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.