கண்டதெல்லாம் சேர்ப்பதா, ஒரு வகையோடு நிற்பதா? நாணயம் சேர்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

நாணயம் சேர்க்கத் தொடங்கி நாலைந்து மாதம் போனதும் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் கண்டதெல்லாம் சேருங்கள், அப்புறம் ஒரு வகைக்கு வாருங்கள், ஆனால் அந்த வகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு மட்டையில் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் அந்தக் கடைசி வேலைதான், அதனால் இந்தப் பதிவிலும் அதற்கே அதிக இடம் போகும். விளிம்பில் பிடிப்பது, புளி போட்டுத் தேய்க்காமல் இருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வீட்டில் இருப்பதைக் கொட்டிப் பிரியுங்கள்

லாச்சி, உண்டியல், அம்மம்மாவின் தகரப்பேணி, வெளிநாட்டில் இருந்து வந்த மாமாவின் பயணப்பையில் கிடந்த சில்லறை, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். நாடு வாரியாகப் பிரிக்க வேண்டாம், இப்போதைக்கு உலோகம் வாரியாகப் பிரியுங்கள். செம்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். வெள்ளைக் குவியலில் மட்டும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது வெள்ளி இல்லை, பெரும்பாலும் உருக்கு, சிலவேளை நிக்கல். ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் அர்த்தம் இல்லை, செம்பும் நிக்கலும் கலந்ததும் ஒட்டாது. அவற்றைத் தனியாக வையுங்கள், படி 5இல் நிறுப்போம்.

படி 2: கொஞ்சக் காலம் வஞ்சகம் இல்லாமல் எல்லாம் சேருங்கள்

சில பழைய சேகரிப்பாளர்கள் "முதல் நாளே ஒரு வகையைப் பிடி" என்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். எதைப் பிடிப்பது என்று தெரிய முதலில் கண் பழக வேண்டும், அது பல விதமான நாணயம் கையில் புரண்டால்தான் வரும். இலங்கை நாணயங்களையே எடுங்கள். 1870 என்று ஆண்டு போட்ட செப்புச் சதத்தில் நடுவில் ஒரு மரம், அதன் இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. 1892இல் இருந்து 10, 25, 50 சதங்கள் வெள்ளியில். அப்புறம் சதுரமான 5 சதம். 1944இல் வளைவு வளைவான விளிம்போடு 2 சதமும் 10 சதமும். 1963இல் அரச முகம் போய் நாட்டின் இலச்சினை வருகிறது, 1 சதமும் 2 சதமும் ஊதினால் பறக்கிற அலுமினியம் ஆகின்றன. இவ்வளவையும் படத்தில் பார்ப்பது வேறு, விரலால் தடவிப் பார்ப்பது வேறு.

காசு செலவழிக்காமல் கண்ணைப் பழக்க கொழும்பில் நல்ல இடம் இருக்கிறது: கோட்டை சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தில் உள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம். போவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனால் எந்தப் பெட்டியின் முன்னால் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள், அது உங்கள் வகையைப் பற்றி ஏதோ சொல்கிறது.

வாங்குவதென்றால் இந்தக் காலத்தில் மலிவானதை மட்டும் வாங்குங்கள். புறக்கோட்டைப் பக்கம் நடைபாதையில் பழைய சாமான் பரப்பி வைத்திருப்பவர்களிடம் "முதலாளி, கலந்த சில்லறை இருக்கா?" என்று கேட்டால் ஒரு டப்பாவை நகர்த்துவார்கள், அதில் தேடிப் பழகலாம். அதே ஆள் சட்டைப்பையில் இருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்தால், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், அதற்கான நேரம் இன்னும் வரவில்லை.

படி 3: ஒத்திகைக்கு ஒரு சின்னத் தொகுதி

ஒரு வகையோடு நிற்பது உங்கள் குணத்துக்குச் சரிவருமா என்று தெரிய, முடிவுள்ள ஒரு சின்னத் தொகுதியை முடித்துப் பாருங்கள். 2013 ஆண்டு போட்ட 10 ரூபாய் மாவட்ட நாணயங்களை நான் சொல்வேன். 25 மாவட்டம், 25 நாணயம், அவ்வளவுதான். கடைக்காரர்களிடம், பஸ் நடத்துநரிடம், சொந்தக்காரரிடம் எல்லாம் கேட்கத் தொடங்குவீர்கள். பாதிக்கு மேல் வந்ததும் திரும்பத் திரும்ப அதே மாவட்டங்கள்தான் வரும். அந்த நேரத்தில் எரிச்சல் வருகிறதா, இன்னும் தேட ஆசை வருகிறதா என்று பாருங்கள். ஆசை வந்தால் படி 4க்குப் போங்கள். எரிச்சல்தான் வந்தது என்றால் நீங்கள் பரந்து சேர்க்கிற ஆள், அதில் ஒரு குறையும் இல்லை, நேராகப் படி 5க்குப் போய் உங்கள் சேகரிப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எல்லையை எழுதுங்கள்

"நான் இலங்கை நாணயம் மட்டும் சேர்க்கிறேன்" என்று சொன்னால் ஒரு வகைக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். வரவில்லை. அந்த ஒரு வசனத்துக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் (டச்சுக் கம்பனியின்) வி.ஓ.சி (VOC) முத்திரை போட்ட செப்புத் துட்டு இங்கே தாராளமாகப் புழங்கியது, ஆனால் அது அடிக்கப்பட்டது ஒல்லாந்தில். அது உள்ளேயா வெளியேயா? அதே கம்பனி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காலியிலும் திருகோணமலையிலும் அடித்த, ஸ்டைவர் என்ற ஒல்லாந்து மதிப்புப் போட்ட காசுகள் என்ன கணக்கு? இன்னும் சிக்கலானது ரூபாய். 1957க்கு முன் இலங்கைக்கென்று ஒரு ரூபாய் நாணயம் இருக்கவில்லை, இங்கே கைமாறியது பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய். அதைச் சேர்ப்பீர்களா? சேர்த்தால் நாணயம் அடித்த பம்பாய், கல்கத்தா அக்கசாலைகளின் வேறுபாடுகள் எல்லாம் பின்னாலேயே வரும், ஒரே மாதத்தில் நீங்கள் இந்திய நாணயம் சேர்க்கிறவர் ஆகிவிடுவீர்கள்.

அதனால் ஒரு மட்டையை எடுத்து நாலு விடயம் எழுதுங்கள்: யார் வெளியிட்டது, எந்த ஆண்டில் இருந்து எந்த ஆண்டு வரை, எந்தெந்த மதிப்புகள், எந்த அளவு வேறுபாடு இருந்தால் தனி நாணயமாக எண்ணுவது. நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், சேகரிப்பு கைமீறிப் போவது அங்கேதான். மதிப்புக்கு ஒன்று போதுமா, மதிப்புக்கும் ஆண்டுக்கும் ஒன்றா, உலோகம் மாறினால் இன்னொன்றா, அச்சில் ஒரு புள்ளி விலகி இருந்தாலும் இன்னொன்றா? இதற்குச் சரி பிழை கிடையாது, ஆனால் பதில் மட்டையில் இருக்க வேண்டும்.

ஒரு மாதிரி தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "ஆறாம் ஜோர்ஜ் முகம் உள்ள, இலங்கைக்காக அடித்த புழக்க நாணயங்கள். 1937 முதல் 1951 வரை. எல்லா மதிப்பும். மதிப்புக்கும் ஆண்டுக்கும் ஒன்று." பார்க்கச் சின்னதுதான், ஆனால் உள்ளே ஒரு காலமே இருக்கிறது. 1942 என்று போட்ட 50 சதம் வெள்ளி, 1943 என்று போட்டது நிக்கல் பித்தளை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டாம் உலக யுத்தம் கண்ணுக்குத் தெரியும். 1951 நாணயத்தில் அரசர் பெயரைச் சுற்றி வாசியுங்கள்: முன்பிருந்த "இந்தியப் பேரரசர்" என்ற பட்டம் அங்கே இல்லை. கலந்த சில்லறை டப்பாவில் இந்த இரண்டையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு வகையோடு நின்றால் கிடைக்கிற லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான், விலை ஏறும் என்ற கதை எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

இன்னும் சின்னதாக வேண்டுமா? எலிசபெத் மகாராணியின் முகம் இலங்கைப் புழக்க நாணயங்களில் 2 சதத்தில் மட்டும்தான் வந்தது, 1955, 1957 என்று இரண்டே ஆண்டு போட்டு. அந்த இரண்டையும் நல்ல தரத்தில் தேடுங்கள், தரம் பார்க்கப் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

படி 5: சாமான்கள்

0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று, பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று, ஒரு காந்தம். இந்த மூன்றையும் அல்பம் வாங்குவதற்கு முன்னால் வாங்குங்கள். பழைய வெள்ளி 50 சதம் 5.83 கிராம் நிற்க வேண்டும், புழங்கித் தேய்ந்தது கொஞ்சம் குறையலாம். 1957இல் புத்த ஜயந்திக்கு வந்த 5 ரூபாய் வெள்ளி நாணயம் 28.28 கிராம். தராசை மேசையில் வைத்து நிறுக்க விடாத ஆளிடம் நான் வெள்ளி வாங்குவதில்லை.

மென்மையான பிளாஸ்டிக் பக்கங்கள் உள்ள மலிவு அல்பத்தைத் தயவுசெய்து தவிருங்கள். கொழும்பின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்த பிவிசி பிளாஸ்டிக் பச்சையாகப் பிசுபிசுக்கும், செம்பைத் தின்னும். நடுவில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளால் சாளரம் உள்ள மட்டைச் சட்டங்கள்தான் என் தெரிவு. ஸ்டேப்ளர் ஊசி அடித்த பிறகு அதன் கால்களைக் குறட்டால் தட்டையாக அமத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் சட்டத்து நாணயத்தின் முகத்தில் கோடு விழும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, அதை அவ்வப்போது மாற்றுங்கள்.

பட்டியலுக்கு நூமிஸ்டா (Numista) என்ற நாணய விபர இணையத்தளம் போதும். நான் கொப்பியில் கையாலும் எழுதுகிறேன்: எங்கே வாங்கியது, என்ன விலை, என்ன நிறை. தளத்தில் வருவது அந்த நாணயத்தின் பொதுவான விபரம், உங்கள் கையில் இருக்கும் நாணயத்தின் விபரம் கொப்பியில்தான் இருக்கும்.

படி 6: எல்லைக்கு வெளியே உள்ளவை

விற்றுவிடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு "மாற்றுக்கு" என்று எழுதுங்கள். வேறு வகை சேர்க்கும் ஒருவருக்கு உங்களுடைய மலேசியச் சில்லறை தேவைப்படும், அவரிடம் உங்களுக்கு வேண்டிய 1943 இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பெட்டிதான் அவர்களின் சேகரிப்பின் தொடக்கமும் ஆகும், அவர்கள் கொஞ்சக் காலம் கண்டதெல்லாம் சேர்க்கட்டும்.

பின்சேர்க்கை

பதிவு போட்ட பிறகு பலர் கேட்டது சேது நாணயம் பற்றி. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தியும் தமிழில் "சேது" என்ற எழுத்தும். தமிழர்களுக்கு அதில் ஆசை வருவது இயல்பு, எனக்கும் உண்டு. ஆனால் அதை முதல் வகையாக எடுக்காதீர்கள். வார்த்துச் செய்த போலிகள் விற்பனைக்கு வருகின்றன, அவற்றில் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடும், மேற்பரப்பில் ஊசிமுனை போலச் சின்னச் சின்னக் குழிகளும் தெரியலாம். அதைப் பிரித்தறிய உருப்பெருக்கியோடு நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சட்டம். இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருட்கள். தோட்டத்தில் மண் கிண்டும்போது கிடைத்தால் அது உங்களுடையது என்று நினைக்க வேண்டாம், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்து, போகும்போது ஒன்றிரண்டு கொண்டுபோகலாமா என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

"எல்லையை எழுதிவிட்டேன், ஆறு மாதத்தில் அலுத்துவிட்டது, என்ன செய்ய?" என்றும் ஒருவர் கேட்டார். மட்டையைக் கிழிக்காமல் பின்பக்கம் திகதி போட்டுப் புது எல்லையை எழுதுங்கள். ஒரு மதிப்பைக் கூட்டுவது, ஓர் அரசரைக் கூட்டுவது, அல்லது ஆண்டுக்கு ஒன்று என்பதை மதிப்புக்கு ஒன்று என்று குறைப்பது, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் போதுமாக இருக்கும்.