பாதி வீட்டில், பாதி அலுவலகத்தில்: கலப்பு வேலைமுறையை அமைப்பது எப்படி?

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியபோது சிங்கப்பூரின் பெரும்பாலான அலுவலகங்கள் மடிக்கணினிகளோடு வீட்டுக்குச் சென்றன. 2022 ஏப்ரல் 26 முதல் ஊழியர்கள் அனைவரும் வேலையிடத்திற்குத் திரும்பலாம் என்றானது. இடைப்பட்ட ஈராண்டுப் பழக்கத்தையே பல நிறுவனங்கள் இன்றும் கலப்பு வேலைமுறை என்று அழைக்கின்றன. ஆனால், அன்று ஏறக்குறைய எல்லாரும் வீட்டில் இருந்ததால் எல்லாருக்கும் ஒரே தகவல் ஒரே வழியில் போய்ச் சேர்ந்தது. இன்றோ பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. அலுவலகத்தில் இருப்பவரின் காதில் தானாக விழும் செய்தி, புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அமர்ந்திருப்பவரை எட்டுவதில்லை. கொள்கை, கருவி, பழக்கம் ஆகிய மூன்றையும் இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே அமைக்க வேண்டும்.

வாரத்திற்கு எத்தனை நாள் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டாம், வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு வார காலம் தான் செய்யும் பணிகளைக் குறித்துவைத்து, எவற்றுக்கு இயந்திரமோ வாடிக்கையாளரோ அசல் ஆவணமோ நேரில் தேவை, எவற்றுக்குத் தேவையில்லை என்று பிரிக்கட்டும். கணக்குப் பிரிவில் இருப்பவர் விலைப்பட்டியல்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். பட்டறையில் பழுதுபார்ப்பவரால் அது முடியாது. அவருக்கு ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட்டால் அங்கேதான் மனக்கசப்பு தொடங்கும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு என்பது இடத்தை மட்டும் குறிப்பதன்று, நேரமும் வேலைப்பளுவும் அதில் அடங்கும் என்பதால், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும் வசதியைப் பட்டறை ஊழியருக்கும் தர முடியும்.

அடுத்தது கொள்கை. மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனம் ஆகிய முத்தரப்பும் 2024 ஏப்ரலில் அறிவித்து, அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்கும் விண்ணப்பங்களுக்கான வழிகாட்டி நெறிமுறைகளே இதற்கு அடித்தளம். தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்திற்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் கூற வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூடுதல் செலவு, உற்பத்தித்திறன் குறைவு, நடைமுறைச் சாத்தியமின்மை ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். ‘என் ஆட்கள் என் கண் முன்னால் இருந்தால்தான் எனக்குத் திருப்தி’ என்பது ஏற்கத்தக்க காரணம் அன்று. விண்ணப்பத்தில் தேதி, கேட்கும் ஏற்பாடு, எத்தனை முறை, எவ்வளவு காலம், காரணம், தொடக்க, முடிவுத் தேதிகள் ஆகியவை இடம்பெற வேண்டும் என்பதால் ஒரு பக்கப் படிவமே போதுமானது. வாட்ஸ்அப்பிலோ வாய்மொழியாகவோ கேட்டு, வாய்மொழியாக மறுக்கப்படும் வழக்கத்தை இந்தப் படிவம் முடிவுக்குக் கொண்டுவரும்.

கொள்கையில் எழுதாமல் விடப்படுபவையே பின்னாளில் சச்சரவாகின்றன. எல்லாரும் தொடர்பில் இருக்க வேண்டிய பொது நேரம், காலை பத்து முதல் நான்கு வரை என்பதுபோல், தெளிவாக இருக்கட்டும். அதற்கு வெளியே வரும் செய்திக்கு மறுநாள் பதில் தரலாம் என்றும் எழுதிவிடுங்கள். மாதச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்படாத அலுவலக ஊழியர்களுக்கு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 44 மணி நேர வார வரம்பும் மிகைநேரத்திற்கு ஒன்றரை மடங்கு ஊதியமும் பொருந்துவதால், வீட்டில் இரவு ஒன்பது மணிக்குச் செய்யச் சொல்லும் வேலையும் கணக்கில் சேரும். ஜோகூர் பாருவில் குடியிருப்பவரோ, சென்னையில் பெற்றோர் வீட்டில் ஒரு மாதம் இருந்து வேலை செய்ய விரும்புபவரோ கேட்கும்போது, அது வெறும் இட மாற்றமன்று. மற்றொரு நாட்டின் வரியும் குடிநுழைவு விதிகளும் குறுக்கிடும். ஆகவே வெளிநாட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தனி அனுமதி தேவை என்று ஒரு வரி சேருங்கள்.

தொழில்நுட்பத்திற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. நிறுவனமே வழங்கும் மடிக்கணினி, பிறர் படிக்க முடியாதபடி அதன் வட்டில் குறியாக்கம், எல்லாக் கணக்கிலும் கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டை உறுதிப்பாடு, கோப்புகளுக்கு ஒரே பொது இருப்பிடம் ஆகியவை இருந்தால் பெரும்பகுதி முடிந்தது. உள்ளூர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் உடனே விட வேண்டும்: சம்பளச் சீட்டைத் திறக்க அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது. அடையாளத்தை உறுதிப்படுத்த அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகளே 2025இல் அறிவுறுத்தியுள்ளனர். மடிக்கணினி ரயிலில் தொலைந்தால் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதையும் கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்கத்தக்கது என மதிப்பிட்ட மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கூட்ட அறையே உண்மையான சோதனைக்களம். நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் ஆறு பேர் நீள மேசையைச் சுற்றி அமர்வோம். மூவர் திரையில் இருப்பார்கள். ஒலிவாங்கி ஒன்று மட்டும் மேசை நடுவே, குளிர்சாதனக் காற்று நேரே அதன் மேல் விழும் இடத்தில் இருந்தது. திரையில் இருந்தவர்களுக்கு முக்கால்வாசி இரைச்சலே கேட்டது என்பது எங்களுக்கு மாதக்கணக்கில் தெரியவில்லை, ஏனெனில் அவர்கள் நாகரிகம் கருதித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கூட்டம் முடிந்து தேநீர் கலக்கும் இடத்தில் நின்றபடி, விநியோகத் தேதியைப் புதன்கிழமையிலிருந்து திங்களுக்கு மாற்றினோம். வீட்டிலிருந்த சக ஊழியர் பழைய தேதியையே வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டார். பழி அவர் மேல் விழுந்தது என்பதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தவை எளியவை. ஒருவர் திரையில் இருந்தாலும் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் மடிக்கணினியில் கூட்டத்தில் இணைவது. ஆனால் எதிரொலி வராதிருக்க ஒரே ஒரு கருவியின் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் தவிர மற்றவற்றை அணைத்துவிடுவது. வெள்ளைப் பலகைக்குப் பதிலாக எல்லாரும் காணும் ஆவணத்தில் எழுதுவது. கருத்துக் கேட்கும்போது திரையில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பது. நடைவழியில் எடுத்த முடிவு அந்த ஆவணத்தில் ஏறும்வரை அது முடிவாகாது என்ற விதிதான் பழக அதிக நாள் பிடித்தது.

பண்பாடு என்பது மேலாளர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்வது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தந்துவிட்டு, தாம் மட்டும் ஐந்து நாளும் அலுவலகத்தில் இருக்கும் மேலாளரின் கீழ் யாரும் அந்த அனுமதியைத் துணிந்து பயன்படுத்தமாட்டார்கள். ஆகவே மேலாளர்கள் மாதத்தில் சில நாள்களாவது வீட்டிலிருந்து கூட்டங்களில் சேரட்டும். அந்த இரைச்சல் அவர்கள் காதிலும் விழட்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை அடுக்குமாடி வீட்டில் தாத்தா பாட்டி தொலைக்காட்சி பார்க்க, பிள்ளைகள் பாடம் படிக்க, உணவு மேசையே அலுவலக மேசையாவதால், படக்கருவியை எப்போதும் திறந்துவைக்க வற்புறுத்த வேண்டாம். புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் முதல் சில வாரங்கள் அலுவலக நாள்களைக் கூட்டி, அதே நாள்களில் அவருக்குக் கற்றுத்தரும் மூத்தவரும் கட்டாயம் வர வேண்டும் என்று வையுங்கள். யாருமில்லாத மாடிக்கு இளையவரை வரச்சொல்வதில் பயனில்லை.

மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்கும்போது வருகைப் பதிவைப் புரட்டுவதைவிட, கடைசிப் பத்து முடிவுகள் எங்கே எழுதப்பட்டன என்று தேடிப்பாருங்கள். பதவி உயர்வுப் பட்டியலையும் வேலை செய்த இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் அதிகம் தென்படுபவர்களே அதில் மிகுந்திருந்தால், மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்திவிட்டு அடுத்த காலாண்டைத் தொடங்குங்கள்.