படுவான்கரையில் பன்றிக் காவல்: தனியாகப் போகும் புதியவர்களுக்கு

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் நுழைந்து பன்றி சுட்டுவரும் வித்தையை இங்கே தேடாதீர்கள். இலங்கையில் துவக்கு அனுமதிப்பத்திரம் அதில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். இரவல் வாங்கினால் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள். அம்பாறைப் பக்கம் கல்லோயா, குமண போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் எந்த வேட்டையும் குற்றம். புதியவர் ஒருவர் ஒழுங்காகச் செய்யக்கூடியது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், பன்றியிடமிருந்து பயிர் காக்கும் விவசாயியோடு பரணில் ஓர் இரவு இருப்பது. சுடுவதா, வெடி போட்டு விரட்டுவதா என்பது அவர் பாடு.

1. காலத்தைத் தெரிவுசெய்யுங்கள்

பெரும்போகத்தில் கதிர் வரும் நேரம் மழையும் சேறுமாக இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவரே திணறுவார். சிறுபோகத்தில், ஆனி மாதமளவில் கதிர் பால் பிடிக்கும்போது போங்கள். பன்றி தின்பதைவிட மிதித்து நாசமாக்குவதுதான் அதிகம் என்பதால், விவசாயிகள் அந்த நாட்களில் பரணைவிட்டு இறங்கமாட்டார்கள். வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாளாக இருந்தால் நள்ளிரவு வரை நிலவு கிடைக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அது கச்சான் காற்று வீசும் காலம். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கோ மகா கூர்மை. படுவான்கரையில் காடு பெரும்பாலும் மேற்கே இருக்கிறது. கச்சானும் மேற்கிலிருந்தே வருகிறது. எனவே உங்கள் வாடை காட்டுப் பக்கம் போகாது.

2. ஆளைப் பிடியுங்கள், பிறகு வழி

முன்பின் தெரியாத வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இரவில் போய் நிற்காதீர்கள். அந்த வயல்வெளியின் காரியங்களைப் பார்க்கும் வட்டை விதானையிடம் பேசி, அவர் காட்டும் விவசாயியின் சம்மதத்தோடு போங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, வலப்புறம் திரும்பினால் மண்முனைப் பாலம். 2014இல் பாலம் திறக்கப்படும் வரை இங்கே வாவியைக் கடக்கப் படகுப் பாதையைத்தான் நம்பியிருந்தார்கள். அப்பால் கொக்கட்டிச்சோலை. அங்கிருந்து தாந்தாமலைப் பக்கம் போகப் போக வீடுகள் குறைந்து வயலும் பற்றைக்காடும் கூடும். பெற்றோலைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள். பொழுது சாயுமுன் வாடிக்கு (வயல் குடிசைக்கு) போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இருட்டிய பின் அந்த வீதிகள் யானைக்குச் சொந்தம். எந்த வட்டைக்குப் போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

3. வெளிச்சத்தில் வரம்பு சுற்றுங்கள்

பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பரணில் ஏறிக் குந்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், கற்க வேண்டியதில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

விவசாயி முன்னே நடக்க, அவர் கால் வைத்த இடத்தில் கால் வையுங்கள். பண்பாட்டுக்காகச் சொல்லவில்லை. பற்றை ஓரங்களில் கட்டுத்துவக்கு இருக்கலாம். குறுக்கே கட்டிய நூலில் கால் தட்டினால் வெடிக்கும். கள்ளமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் இருக்கலாம். இரண்டும் சட்டவிரோதம், இரண்டும் மனிதரைக் கொன்றிருக்கின்றன. கிடக்கும் பூசணித் துண்டையோ பழத்தையோ தொடவே வேண்டாம். உள்ளே பன்றிவெடி வைத்திருப்பார்கள். அதைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியில் சாகும் யானைக் கன்றுகளை நினைத்தால், அதை வைப்பவர்மேல் எனக்கு இரக்கமே வருவதில்லை.

தடத்தை வரம்போரச் சேற்றில் பாருங்கள். முன்னால் இரண்டு குளம்பு பதிந்திருக்கும். அதைக் கன்றுக்குட்டியின் தடம் என்று நினைக்கத் தோன்றும். சற்றுப் பின்னால், இரு பக்கமும் விலகி, இரண்டு சிறு குழிகள் இருந்தால் அது பன்றி. தடத்தில் ஊறிய நீர் கலங்கலாக இருந்தால் சற்று முன்தான் போயிருக்கிறது, தெளிந்திருந்தால் நேரமாகிவிட்டது. புழு தேடி வரம்பைக் கிளறிய இடத்தில் மண் ஏர் உழுததுபோல் புரண்டிருக்கும். அருகே மரத்தில் தொடை உயரத்துக்குச் சேறு அப்பி, அதில் முரட்டு மயிர் ஒட்டியிருந்தால், சேற்றில் புரண்டு வந்து உரசிய இடம் அது. இவற்றை மனதில் கோத்துப் பாருங்கள். இரவில் எந்த மூலையிலிருந்து வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

4. பரணில்

சப்பாத்து, நீளக் கைச்சட்டை, டோர்ச், தண்ணீர் போதும். வாசனைச் சவர்க்காரமும் சிகரட்டும் வேண்டாம். நுளம்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதலில் காதுக்குத்தான் வேலை. தண்ணீரில் சளசளப்பு, பிறகு தாழ்ந்த உறுமல், பிறகு மெல்லும் சத்தம். பெட்டைகள் குட்டிகளோடு கூட்டமாக வரும். பெரிய ஆண் தனியே வரும். டோர்ச்சை விவசாயி சொன்ன பிறகே அடியுங்கள். கிளை முறியும் ஓசை கேட்டால் வந்திருப்பது யானை. அப்போது அசையாதீர்கள், பரணைவிட்டு இறங்காதீர்கள். யானைவெடி போடுவதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

விவசாயி சுட்டுப் பன்றி காயத்தோடு ஓடினால், இருட்டில் பின்தொடர வேண்டாம். காயம்பட்ட ஆண் பன்றி பற்றைக்குள் திரும்பி நின்று கோரைப்பல்லால் கிழிக்கும். விடிந்த பின் ஊரார் சேர்ந்து தேடுவார்கள்.

5. திரும்பும்போது

இறைச்சிப் பங்கு தந்தாலும் மறுத்துவிடுங்கள். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் பரவியது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் இறைச்சியிலும் சப்பாத்துச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு வளர்ப்புப் பன்றிகளிடம் போய்ச் சேரும். அயலில் யாராவது பன்றி வளர்த்தால், சப்பாத்தையும் மோட்டார் சைக்கிள் சில்லையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவும் வரை அந்தப் பட்டிப் பக்கம் போகாதீர்கள்.