போஸ்ட்கிரஸ் பிளானரில் மிகையான நிரல் வரிகளைக் கழிப்பது எப்படி?

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு வினவலை எந்த வழியில் இயக்குவது என்று முடிவு செய்யும் பகுதிதான் பிளானர். போஸ்ட்கிரஸ் சோர்ஸை இறக்கி பில்ட் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது. கான்ஃபிகர் செய்யும்போது 'எனேபிள்-கேசர்ட்' (அசர்ட்டுகளை, அதாவது நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்திவிடும் சோதனைகளை, இயக்கும் தேர்வு) கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாமல் பிளானரில் கை வைக்க வேண்டாம்.

படி 1: எளிய இடங்களிலிருந்து தொடங்குங்கள். லிஸ்ட் 'நில்' (காலி) இல்லைதானே என்று இஃப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே வெறும் ஃபோர்ஈச் மட்டும் ஓடினால் அந்த இஃப் வீண். காலி லிஸ்டில் ஃபோர்ஈச் ஒருமுறைகூடச் சுற்றாது. எண்களின் தொகுப்பை பிட்டுகளாக வைக்கும் பிட்மேப்செட்டிலும் இப்படித்தான்: பதிப்பு 16 முதல் காலி பிட்மேப்செட் எப்போதுமே நல் (NULL) பாயின்டர்தான். ஆகவே அது காலியா என்று பார்க்க நல் சோதனை மட்டுமே போதும். பழைய பதிப்புகளுக்கு இது பொருந்தாது.

படி 2: எப்போதும் உண்மை என்று தோன்றும் நிபந்தனையை அழிக்காமல் முதலில் அசர்ட்டாக மாற்றி, 'மேக் செக்-வேர்ல்ட்' (எல்லா டெஸ்டுகளையும் ஓட்டும் கட்டளை) ஓட்டுங்கள். அசர்ட் விழாததாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. அந்த ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து, உத்தரவாதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்கு ஐடிஇ-யைவிட 'கிட் கிரெப்' நல்லது: மேக்ரோ, கமென்ட் எதுவும் தப்பாது.

படி 3: பெரும்பாலானோர் வழுக்கும் இடம் பிட்மேப்செட்டை நகலெடுக்கும் 'பிஎம்எஸ்_காப்பி'. 'பிஎம்எஸ்_யூனியன்' புதிய செட் தரும். 'பிஎம்எஸ்_ஆட்_மெம்பர்ஸ்' முதல் செட்டிலேயே எழுதிவிடும். அதற்கு முன்னால் நிற்கும் காப்பி வீண்செலவு போலத் தெரியும். எடுத்தால், அதே பாயின்டரைப் பகிரும் மற்ற இடங்களிலும் செட் மாறிவிடும். இடம் போதாமல் செட் வேறு நினைவிடத்துக்கு நகர்ந்தால், பழைய பாயின்டர் விடுவிக்கப்பட்ட நினைவிடத்தைக் காட்டும். 64-பிட் கணினியில் 0 முதல் 63 வரையிலான எண்கள் ஒரே வேர்டில் அடங்கிவிடுவதால் சிறிய வினவல்களில் இந்த நகர்வு நடக்காது, டெஸ்டும் பாஸாகிவிடும். பதிப்பு 17 முதல் உள்ள 'ரீஅலொகேட்_பிட்மேப்செட்ஸ்' மேக்ரோவை வரையறுத்து பில்ட் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் செட் நகர்த்தப்படும். ஒளிந்திருக்கும் பிழை உடனே வெடிக்கும்.

படி 4: டெஸ்டின் விடை எதிர்பார்ப்பிலிருந்து மாறிய இடங்களைக் காட்டும் 'ரெக்ரஷன்.டிஃப்ஸ்' கோப்பில் ஒரே ஒரு எக்ஸ்பிளெய்ன் பிளான் (வினவலை இயக்கும் திட்டம்) மாறியிருந்தாலும் நீங்கள் செய்தது வெறும் எளிமையாக்கல் அல்ல. எதிர்பார்ப்புக் கோப்பைத் திருத்தி மூடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

பின்சேர்க்கை: மெமரி கான்டெக்ஸ்டை (ஒன்றாக ஒதுக்கி ஒன்றாக விடுவிக்கும் நினைவகப் பகுதியை) மாற்றும் வரிகளும் மிகையாகத் தெரியலாம். பல டேபிள்களை இணைக்கும் வினவல்களுக்கு மரபணு முறையில் ஜாயின் வரிசையைத் தேடும் ஜெக்கோ (GEQO), ஒவ்வொரு ஜாயின் வரிசையையும் தற்காலிக கான்டெக்ஸ்டில் கட்டிப் பார்த்துத் தூக்கி எறியும். அதைத் தாண்டி நிலைக்க வேண்டியவற்றுக்காகத்தான் அந்த வரிகள். ஜெக்கோ எத்தனை டேபிள்களிலிருந்து இயங்கும் என்பதைச் சொல்லும் 'ஜெக்கோ_த்ரெஷோல்ட்' இயல்பாக 12 என்பதால் சிறிய டெஸ்டுகள் அந்தப் பக்கமே போகாது. அதை 2 ஆக்கி, திருத்தாத பில்டிலும் திருத்திய பில்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள்.