18061806: ஒரு பெரிய எண்ணைப் பிரித்து அறியும் முறை

வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாறு தெரியும் என்பதால், பெரிய எண்களின் பண்புகளைக் கற்பிக்கத் தொடங்கும்போது அந்த ஆண்டையே இருமுறை சேர்த்து 18061806 என்று கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

முதலில் சிறிய பகா எண்களால் வகுக்க வேண்டும். கடைசி இலக்கம் 6 என்பதால் எண் 2ஆல் வகுபடும், ஈவு 9030903. இதன் இலக்கங்களின் கூடுதல் 24 என்பதால் 3ஆலும் வகுபட்டு 3010301 கிடைக்கும். இதன் இலக்கங்களின் கூடுதல் 8, கடைசி இலக்கம் 1. ஆகவே 3, 5 இரண்டும் இனி உதவாது. 7ஆல் வகுத்தால் 430043. இங்கே சற்று நின்று எண்ணை உற்றுப் பாருங்கள்: 430000உடன் 43 சேர்ந்திருக்கிறது. அதாவது 43 × 10001.

இந்த 10001 என்ற எண்ணில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுகிறார்கள். பார்வைக்குப் பகா எண் போல இருப்பதால், சோதிக்காமலே அப்படி எழுதிவிடுகிறார்கள். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி அதற்குக் கட்டாயம் இருக்கும். 100இன் வர்க்கம் 10000, 101இன் வர்க்கம் 10201. ஆகவே 100க்குள் உள்ள 25 பகா எண்களைச் சோதித்தால் போதும். 7ஆல் வகுத்தால் மீதி 5, 11ஆல் 2, 13ஆல் 4, 17ஆல் 5 என்று பொறுமையாகச் சென்றால், 73இல் மீதியின்றி வகுபட்டு 137 கிடைக்கும். 137ஐ 2, 3, 5, 7, 11 ஆகிய எதுவும் வகுக்காததால் அது பகா எண்ணே.

எனவே 18061806 = 2 × 3 × 7 × 43 × 73 × 137.

எந்த நான்கிலக்க எண்ணை இருமுறை சேர்த்து எழுதினாலும் அது 10001இன் மடங்காகும் என்பதால், 73ம் 137ம் அதில் தவறாமல் இருக்கும். உங்கள் பிறந்த ஆண்டை வைத்தே சரிபார்க்கலாம்.

காரணிகளின் எண்ணிக்கையைக் காண்பது எளிது. ஆறு பகா எண்களும் ஒருமுறை மட்டுமே வருவதால், ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆகவே 2ஐ ஆறுமுறை பெருக்கிய 64 காரணிகள் உண்டு. ஓர் எண்ணைத் தவிர்த்த அதன் மற்றக் காரணிகளின் கூடுதல் அந்த எண்ணைவிடப் பெரிதானால் அது மிகை எண். நம் எண் 6இன் மடங்கு. அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்று காரணிகளைக் கூட்டினாலே முழு எண்ணும் வந்துவிடும். மேலும் 1 என்ற காரணியும் இருப்பதால், இது மிகை எண் என்பது நீண்ட கணக்கின்றியே உறுதியாகிறது.

1806இன் தனிச்சிறப்பை நான் மிகவும் விரும்பிக் கற்பிப்பேன். 1806 = 2 × 3 × 7 × 43. இந்த நான்காலும் 1806ஐத் தனித்தனியே வகுத்தால் 903, 602, 258, 42 கிடைக்கும். அவற்றோடு 1ஐச் சேர்த்தால் மீண்டும் 1806. அக்காரணிகளும் சங்கிலியாகவே பிறக்கின்றன: 2 × 3 + 1 = 7, 2 × 3 × 7 + 1 = 43. அடுத்து வரும் 1807 பகா எண்ணா என்று மாணவர்கள் ஆவலோடு வகுத்துப் பார்ப்பார்கள். அது 13 × 139.