சமூகத் தொழில் நிறுவனங்களுக்குத் தன்னார்வலராக உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்காளர், மென்பொருள் பொறியாளர், மார்க்கெட்டிங் அலுவலர் போன்றவர்கள் தங்கள் தொழில்திறனைப் பக்கத்தில் இருக்கும் சமூகத் தொழில் நிறுவனத்துக்கு (ஒரு சமூக நோக்கத்துக்காக, பொருளையோ சேவையையோ விற்று நடக்கும் நிறுவனம்) சம்பளம் வாங்காமல் தருவது பெரிய உதவிதான். ஆனால் அந்த உதவியைப் பெறுபவருக்கும் அதில் செலவு இருக்கிறது. ஐந்தாறு பேர் நடத்தும் இடத்துக்கு ஒரு தன்னார்வலர் போனால் கணக்கை எடுத்துக் காட்டவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டும். பெரும்பாலும் வருவது நிறுவனத்தை நடத்துபவரே. அவர் கொடுக்கும் நேரத்துக்கு ஈடாகக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். இதை மறந்துவிடுவதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

வேலை எதுவென்று முடிவாகாமலே தொடங்குவது

"என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் "மார்க்கெட்டிங்", "இணையதளம்" என்ற பதில்தான் வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். விற்பனை குறைவதற்கு விளம்பரம் போதாதது காரணமாக இருக்கலாம். ஆர்டர் வந்தும் சொன்ன நாளுக்குள் கொடுக்க முடியாமல் போயிருக்கலாம். விலையே தப்பாகப் போடப்பட்டிருக்கலாம். முதல் இரண்டு சந்திப்புகளை இதைக் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 12 மாத விற்பனை, வசூலாகாமல் நிற்கும் பாக்கி, கையிலுள்ள பணம் எத்தனை வாரச் செலவுக்கு வரும் ஆகிய மூன்றையும் பார்த்தால் சிக்கல் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: எந்தச் சிக்கல், முடிவில் என்ன ஒப்படைக்கப்படும், எவையெல்லாம் இதில் சேராது, மொத்தம் எத்தனை மணிநேரம், எந்தத் தேதியில் முடியும், இரு பக்கமும் முடிவெடுக்கும் ஒரே ஆள் யார். "எவையெல்லாம் சேராது" என்ற வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விலைப்பட்டியல் போட வந்தவரிடம் மூன்றாவது வாரத்தில் கணினி பழுது பார்க்கும் வேலையும் வந்து சேர்வது இதனால்தான். அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய டாப்ரூட் பவுண்டேஷன் இத்தகைய பணிகளை, எல்லை முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டங்களாகப் பிரித்துத் தன்னார்வலர் குழுக்களிடம் கொடுத்து வந்தது. நம் அனுபவத்துக்கு ஒத்துவரும் அளவு: வாரம் 4 மணிநேரம், 8 வாரம். அதற்குள் முடியாத வேலையை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் மேலாளரிடம் இந்த மணிநேரத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். காலாண்டு முடியும் நேரத்தில் அலுவலக வேலை குவிந்து தன்னார்வலர் பாதியில் காணாமல் போவது எங்கும் நடக்கிறது.

அடக்க விலை (ஒரு பொருளைச் செய்ய ஆகும் மொத்தச் செலவு) தெரியாமல் விற்பனையைக் கூட்டச் சொல்வது

எங்கள் கணிப்பில் அதிகச் சேதம் செய்யும் தவறு இதுதான்.

ஒரு பொருளின் விலை 100 என்று வையுங்கள். மூலப்பொருள் 45, கூலி 25, பேக்கிங்கும் அனுப்பும் செலவும் 10. ஒன்று விற்றால் மிஞ்சுவது 20. வாடகை, மின்சாரம், மேற்பார்வையாளர் சம்பளம் என்று மாதாமாதம் போவது 6,000. அப்படியானால் 300 விற்றால் கையைக் கடிக்காது. இப்போது ஒரு தன்னார்வலர் 10 சதவீதத் தள்ளுபடி யோசனை சொல்கிறார். விற்பனை 400 ஆக ஏறுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒன்றுக்கு மிஞ்சுவது 10 ஆகிவிட்டதால் 400 விற்றும் வருவது 4,000தான். மாதம் 2,000 நட்டம். பழைய நிலைக்கு வரவே 600 விற்க வேண்டும், பட்டறையால் மாதத்துக்குச் செய்ய முடிவதோ 400தான்.

அதனால் மார்க்கெட்டிங் யோசனை எதுவும் சொல்வதற்கு முன் அதிகம் விற்கும் ஐந்து பொருள்களுக்காவது அடக்க விலை போட்டுப் பாருங்கள். போடும்போது வழக்கமாக விடுபடுபவை மூன்று: கழிவாகப் போகும் மூலப்பொருள், புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரம், நடத்துபவர் தனக்கு எடுத்துக்கொள்ளாத சம்பளம். மூன்றாவதைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாமல் வரும் லாபத்தை நம்ப முடியாது.

நோக்கத்தையே வீண்செலவாகப் பார்ப்பது

மேலே உள்ள கணக்கைப் பார்த்தவுடன் கூலியைக் குறைக்கலாம், இரண்டு பேருக்குப் பதில் ஓர் இயந்திரம் வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் வேலை கிடைக்காதவர்களுக்கு வேலை தருவதற்காகவே தொடங்கிய நிறுவனத்தில் அந்த இரண்டு பேர்தான் நோக்கம். வங்கதேசத்தில் கிராமீன் வங்கியைத் தொடங்கிய பொருளாதார அறிஞர் முகமது யூனுஸ் எடுத்துச் சொன்ன சமூக வணிக முறையில் முதலீட்டாளர் போட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம், லாபப் பங்கு கிடையாது. பிரிட்டனில் 2005 முதல் பதிவாகும் சமூக நல நிறுவனங்களின் சொத்துகள் சமூகப் பயன்பாட்டை விட்டு வெளியே போகாதபடி சட்டமே பூட்டு போட்டிருக்கிறது. இந்த மாதிரி வரம்புகள் தெரியாமல் "முதலீட்டாளரைத் தேடுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. எதைத் தொடக்கூடாது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பார்க்க நிறைய இடம் இருக்கிறது: மூலப்பொருளை மொத்தமாக வாங்குவது, கழிவைக் குறைப்பது, நட்டத்தில் விற்கும் பொருளை நிறுத்துவது.

ஆர்டர் கொடுத்துவிட்டுப் பணத்தை இழுத்தடிப்பது

பெரிய கம்பெனி செய்யக்கூடிய மிக நல்ல உதவி, பொருளை விலை கொடுத்து வாங்குவது. அங்கேதான் கொள்முதல் துறையின் பொது விதிகள் குறுக்கே நிற்கின்றன. அதே கணக்கில் 400 பொருளுக்கு ஆர்டர் என்றால் பொருள் போய்ச் சேரும் முன்பே 32,000 கையிலிருந்து போய்விடும். செய்ய ஒரு மாதம், அதற்கு மேல் 60 நாள் கடன் என்றால் மூன்றாம் மாத முடிவில்தான் 40,000 வரும். இடையில் வாடகை, மின்சாரம் போன்ற நிலைச் செலவு மூன்று மாதத்துக்கு 18,000. அந்தப் பணம் அவர்களிடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆர்டர் கிடைத்தும் தொழில் நொடிப்பது இப்படித்தான். பாதிப் பணம் முன்பணம், மீதி 15 நாளில் என்று உங்கள் நிதித்துறையிடம் பேசி வாங்கிக் கொடுங்கள். சப்ளையராகப் பதிவு செய்ய மூன்றாண்டு வருமானக் கணக்கு கேட்கும் விதி இருந்தால் சிறு ஆர்டர்களுக்கு அதைத் தளர்த்த முடியுமா என்றும் கேளுங்கள். பத்து பயிலரங்கை விட இந்த இரண்டு மாற்றங்களும் கூடுதலாகப் பயன் தரும்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்புவது

இணையதளம் செய்து கொடுப்பவர் அவசரத்தில் தன் சொந்த மின்னஞ்சலில் டொமைனை (தளத்தின் இணைய முகவரிப் பெயரை) பதிவு செய்துவிடுவார். இரண்டு ஆண்டு கழித்துப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவர் பார்க்காத முகவரிக்குப் போகும், டொமைன் காலாவதியாகும், அதோடு ஆர்டர் வரும் மின்னஞ்சலும் நின்றுபோகும். பதிவு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். முகவரியும் தனி ஆளின் பெயரில் இல்லாமல் பொதுவானதாக இருக்கட்டும். நிர்வாகி உரிமை இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்புக்கான செல்போன் எண்ணும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். கடைசி நாளில் உங்கள் கணக்கை அவர்களையே நீக்கச் சொல்லி, எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். எக்செல் கோப்புக்கும் இதே விதிதான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தினமும் அதைத் தொடப்போகிறவர் ஒரு மாதக் கணக்கைத் தானே போட்டு முடிக்க வேண்டும். அவர் தடுமாறும் இடத்தை எளிமையாக்குங்கள்.

சில தவறுகளுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. பயனாளிகளின் பெயர், நோய், கடன் விவரம் உள்ள பட்டியலை உங்கள் அலுவலக லேப்டாப்பில் இறக்காதீர்கள். பெயரை நீக்கிய நகல் போதும். உங்கள் கம்பெனி விற்கும் மென்பொருளைப் பரிந்துரைத்தால் அந்தத் தொடர்பைச் சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டு இலவசம் முடிந்தபின் ஆகும் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்பந்தம், வரி பற்றிய ஆலோசனையைப் பேச்சுவாக்கில் சொல்லாமல், அதற்குத் தகுதி பெற்றவர் எழுத்தில் தரட்டும். முப்பது பேர் ஒரே நாளில் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போவதாக இருந்தால், அன்று நிற்கும் உற்பத்திக்கான பணத்தையும் பெயிண்ட் செலவையும் கம்பெனியே கொடுக்கட்டும்.

வேலை முடிந்த மூன்றாம் மாதம் ஒரு மணிநேரம் மட்டும் திரும்பப் போங்கள். நீங்கள் விட்டுவந்த அட்டவணையில் கடைசிப் பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மாதமாக எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதிலுள்ள பத்திகளில் (காலம்களில்) எவை அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்று கேட்டு, அவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.